நோயாளியின் அருகில் நிற்பவர்

2021-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், இஸ்ரேல் நாட்டின் அஷ்கெலோன் நகரில் ஒரு வீட்டின்மீது காஸாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட் விழுந்தது. அந்த வீட்டில் ஒரு மூதாட்டியும் அவரைப் பராமரித்து வந்த பெண்ணும் இருந்தனர். மூதாட்டி காயத்துடன் பிழைத்தார். பராமரித்து வந்த பெண் இறந்துபோனார். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புக்காகச் சென்றவர் அவர். ஊரில் இருந்த கணவருடன் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த வேளையில்தான் அந்த ராக்கெட் விழுந்தது.

அந்தப் பெண்ணுக்கு அந்தப் போருடன் என்ன தொடர்பு? எந்தத் தரப்பின் வெற்றியையும் அவர் நாடவில்லை. எழுந்து நடக்க இயலாத ஒருவருக்கு உணவும் மருந்தும் கொடுத்து, அருகில் இருந்தார். செய்த குற்றம் அவ்வளவே.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்பவனை, 'உழைச்செல்வான்' என்னும் அழகிய சொல்லால் நான்காவதாகச் சேர்க்கிறார். சரக சம்ஹிதையும் மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் என்று கூறி, பணிவிடை செய்பவரை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. அருகில் நிற்பவர் இல்லையேல் மருத்துவம் முடம் என்பது நம் முன்னோரின் முடிவு. அஷ்கெலோனில் வீழ்ந்தவர் அந்த நான்காவது கூறு.

எல்லைப்புறத்தின் அனுபவம்

பாலக்காடும் இடுக்கியும் தமிழகத்தைத் தொட்டுக் கிடக்கும் மாவட்டங்கள். வாளையாரைத் தாண்டினால் கோவை. ஆனைக்கட்டியைத் தாண்டினாலும் கோவையே. அட்டப்பாடியின் ஆதிவாசி மக்களுக்காகக் கோட்டத்தறையில் அரசு மருத்துவமனை உண்டு. ஆயினும் நோய் முற்றும்போது மலையிறங்கிக் கோவைக்கு வருவோர் பலர். தெற்கே தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் வெறும் சோதனைச் சாவடிகள் அல்ல. தேனி மருத்துவமனைக்குச் செல்லும் வழிகள். ஆம்புலன்ஸ் வரும்போது தடுப்புக் கட்டை தானாக உயர்கிறது. உள்ளே படுத்திருப்பவர் எந்த மொழி பேசுபவர், யாருக்கு வாக்களித்தவர் என்று எவரும் கேட்பதில்லை.

இந்த எளிய வழக்கம் எவ்வளவு விரைவில் குலையக்கூடும் என்பதை 2020 மார்ச் மாதம் காட்டியது. கொள்ளைநோய் அச்சத்தில் கர்நாடகம் தன் எல்லைச் சாலைகளை மண் கொட்டி மூடியது. காசர்கோட்டிலிருந்து மங்களூருக்குச் சிகிச்சைக்குச் சென்றுவந்த நோயாளிகள் தலப்பாடியில் நிறுத்தப்பட்டனர். உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் சிலர் இறந்தனர். ஏப்ரல் 1-ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இடையில், துப்பாக்கிச் சத்தமே இல்லாத காலத்தில் நிகழ்ந்தது இது. நோயாளிக்கு வழிவிடுவது இயல்பாக நிகழும் ஒன்றன்று. யாரோ ஒருவர் அதைக் கட்டளையாக எழுதிக் காக்க வேண்டியிருக்கிறது என்பதை எல்லைப்புற மக்கள் அன்று கண்டனர். அமைதிக் காலத்திலேயே இந்நிலை என்றால் போர்க்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்த மலைகளிலிருந்தும் கேரளத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் செவிலியராகவும் பராமரிப்பாளராகவும் உலகெங்கும் செல்பவர்கள் ஏராளம். கல்விக்கு வாங்கிய கடன், தம்பி தங்கையின் படிப்பு, கூரை மாற்ற வேண்டிய வீடு ஆகியவையே அவர்களை விமானம் ஏற்றுகின்றன. 2014 ஜூன் மாதம் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். இயக்கத்தினர் கையில் வீழ்ந்தபோது அங்குள்ள மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கினர். ஏறத்தாழ அனைவரும் கேரளப் பெண்கள். குண்டுகள் வெடிக்க, கண்ணாடிகள் நொறுங்க, அவர்கள் அங்கிருந்து மோசுல் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜும் கேரள முதல்வர் உம்மன் சாண்டியும் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து இரவு பகலாக முயன்றனர். ஜூலை 5-ஆம் நாள் அனைவரும் கொச்சியில் வந்திறங்கினர். அரசியலில் இருப்பவர்கள் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் அம்மீட்பு நிகழ்ந்தது ஆபத்து வந்த பிறகு. ஆபத்து வராமல் காக்கும் விதி ஒன்று இருக்கிறது. அதற்காக வாதாடுவோர்தாம் குறைவு.

முன்னோர் வகுத்த வரம்பு

போரிலும் ஒரு வரம்பு உண்டு என்பது மேல்நாட்டார் வந்து கற்பித்த பாடம் அன்று. புறநானூற்றின் ஒன்பதாம் பாடலில் நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் போற்றுகிறார். அம்பு தொடுக்குமுன் பகை நாட்டில் யார் யார் பாதுகாப்பான இடம் சேர வேண்டும் என்று அறிவித்துவிட்டுப் போர் தொடுப்பவனாம் அவன். அவ்வாறு விலக்கப்பட்டோரின் வரிசையில் பெண்டிருடன் நோயுற்றவர்களும் இருக்கிறார்கள். பகைநாட்டு நோயாளி பகைவன் அல்லன் என்னும் எண்ணம் தமிழ் மண்ணில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாட்டாகி இருந்தது.

மகாபாரதத்தில் போர் தொடங்குமுன் இரு தரப்பினரும் கூடி விதிகளை ஒப்புக்கொள்கின்றனர். ஆயுதம் இழந்தவனையும் புறமுதுகிட்டவனையும் தாக்கலாகாது. சங்கு ஊதுவோர், முரசு அறைவோர், ஆயுதம் சுமப்போர் ஆகியோரையும் தாக்கலாகாது. பாண்டவர் பாசறையில் மருந்துகளோடு மருத்துவர்களும் இருந்தனர் என்று உத்தியோக பர்வம் கூறுகிறது. அம்புப் படுக்கையில் வீழ்ந்த பீஷ்மரிடம் துரியோதனன் மருத்துவர்களை அழைத்து வருகிறான். பீஷ்மர் சிகிச்சையை மறுத்தாலும், அவர்களுக்கு உரிய மரியாதை செய்து அனுப்பும்படி கூறுகிறார். துளசிதாசர் இயற்றிய இராமாயணத்தில் இன்னும் வியப்பான காட்சி ஒன்று உண்டு. லட்சுமணன் மூர்ச்சித்துக் கிடக்கும்போது அனுமன் இலங்கையிலிருந்தே சுஷேணன் என்னும் வைத்தியரைக் கொண்டு வருகிறார். அவர் பகைவனின் ஊர்க்காரர். ஆயினும் நோயாளியைப் பார்த்து மருந்து சொல்கிறார். வால்மீகியில் சுஷேணர் வானரர். கதை அங்கே வேறு. ஆயினும் மக்கள் மனம் துளசிதாசரின் கதையைப் பற்றிக்கொண்டது காரணமின்றி அன்று.

1704, 1705-ஆம் ஆண்டுகளில் ஆனந்தபூர் முற்றுகையின்போது பாயி கன்னையா என்ற சீக்கிய அடியார் காயமுற்ற பகைவருக்கும் தண்ணீர் கொடுத்தார் என்று சீக்கிய மரபு போற்றுகிறது. வீரர்கள் குரு கோவிந்த சிங்கிடம் முறையிட்டனர். அனைவரிடமும் குருவின் முகத்தையே தாம் கண்டதாகக் கன்னையா விடையளித்தார். குரு அவரைத் தண்டிக்கவில்லை. தண்ணீரோடு இனிக் காயத்துக்கு மருந்தும் இடு என்று களிம்பையும் கொடுத்து அனுப்பினார். இது நிகழ்ந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான், 1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்தோரைக் கண்டு மனம் உருகிய ஹென்றி டுனாண்டின் முயற்சியால், 1864-இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது.

1906-இல் தென்னாப்பிரிக்காவில் சூலு மக்கள் கிளர்ந்தபோது காந்தியடிகள் ஆங்கில அரசின் பக்கம் நின்று மருத்துவப் பணிக்குழு அமைத்தார். ஆனால் அவர் குழுவினரின் கையில் வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கசையடிபட்ட சூலு மக்களே. வெள்ளையர் தொட மறுத்த அப்புண்களை இந்தியர் கழுவிக் கட்டினர். எந்தத் தரப்புக்காகச் சென்றோம் என்ற கேள்வி புண்ணின் முன்னால் அவருக்கு மறைந்துபோயிற்று. அவர் வாழ்வின் திருப்பங்களில் ஒன்றாக அந்நாட்கள் அமைந்ததை அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

கசப்பான ஒரு பக்கம்

பெருமைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பது தர்ம விசாரணை ஆகாது. 1987 அக்டோபர் 21. அன்று தீபாவளி. யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப் படையினர் நுழைந்தனர். அன்றும் மறுநாளுமாக நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர், ஊழியர் என ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் காலை குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் சில செவிலியருடன் கைகளை உயர்த்தி, சரணடைவதாகக் குரல் கொடுத்தவாறே வெளியே வந்தார். அவரும் சுடப்பட்டு இறந்தார்.

வளாகத்திலிருந்து விடுதலைப் புலிகள் சுட்டனர் என்பது படைத்தரப்பின் விளக்கம். ஆயுதம் ஏந்தியோர் மருத்துவமனைக்குள் புகுந்திருந்தால் அதுவும் குற்றமே. நோயாளியின் கட்டிலைக் கேடயமாக்குபவன் அந்த நோயாளிக்கே துரோகம் செய்கிறான். ஆனால் அதனால் மருத்துவமனையின் பாதுகாப்பு முற்றிலும் நீங்கிவிடுமா? 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை இதற்குத் தெளிவான விடை தருகிறது. மருத்துவமனை பகைவருக்குத் தீங்கு செய்யும் செயலுக்குப் பயன்பட்டாலும் முதலில் எச்சரிக்கை தர வேண்டும். உரிய கால அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே அப்பாதுகாப்பு விலகும். அப்போதும் கைகளை உயர்த்தி வரும் மருத்துவரைச் சுடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. இதைச் சொல்வது தேசத் துரோகம் அன்று. தன் பிள்ளையின் தவற்றைக் காணாத தாய் பிறர் பிள்ளையைத் திருத்த முடியாது.

2009-இல் வன்னியில் இதே கொடுமை பெருகி நிகழ்ந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீண்டும் மீண்டும் எறிகணைக்கு இலக்கானது. வன்னியின் மருத்துவமனைகள் அனைத்தும் தாக்கப்பட்டன என்று ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் எழுதியது. புலிகள் மக்களைத் தப்பவிடாமல் தடுத்ததையும், மருத்துவமனைகளின் அருகிலிருந்து சுட்டதையும் அதே குழு கூறியது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் காயமுற்ற ஆயிரக்கணக்கானோரைக் கடல்வழியே கொண்டு சென்றன; புல்மோட்டையில் இந்திய அரசு ஒரு கள மருத்துவமனையை அமைத்தது. யாழ்ப்பாணத்தில் சுட்ட தேசமும் புல்மோட்டையில் கட்டுப்போட்ட தேசமும் ஒன்றே. எதைச் செய்வது என்பதை அந்தந்த வேளையில் டெல்லியில் இருந்தவர்கள் முடிவு செய்தனர்.

முடிவு செய்பவர்கள் சரியாக முடிவு செய்த வேளைகளும் உண்டு. 1950-இல் கொரியப் போரில் படை அனுப்புமாறு உலக நாடுகள் கேட்டபோது நேருவின் அரசு போரிடும் படையை அனுப்ப மறுத்து, மருத்துவப் பிரிவை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் சென்ற 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, பின்வாங்கும் குழப்பத்தில் கைவிடப்பட்ட பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து, தாங்களே ஓட்டி, மருத்துவக் கருவிகளைக் காப்பாற்றிய கதை இன்றும் கேட்கத் தெவிட்டாதது. அப்பிரிவினர் படைவீரரோடு கொரியக் குடிமக்களுக்கும் சிகிச்சை அளித்தனர்.

"அவன்தானே முதலில் செய்தான்"

மருத்துவமனைகள் தாக்கப்படும்போதெல்லாம் உலகெங்கும் ஒலிக்கும் வாதம் இது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இதற்குள் உண்மையான வலி இருக்கிறது. மகாபாரதத்தில் இவ்வாதத்தின் முழு வடிவம் அசுவத்தாமன். அவன் தந்தை துரோணர் ஒரு பொய்யால் ஆயுதம் களைந்து, தியானத்தில் அமர்ந்த நிலையில் கொல்லப்பட்டார். அவன் சினம் நியாயமானதே. அச்சினத்தோடு அவன் நள்ளிரவில் பாண்டவர் பாசறைக்குள் புகுந்து உறங்குபவர்களைக் கொன்று குவித்தான். உறங்குபவனும் நோயாளியும் ஒரே நிலையில் இருப்பவர்கள். இருவரும் படுத்திருக்கிறார்கள், இருவரும் பிறரை நம்பிக் கண்மூடியிருக்கிறார்கள்.

அவனுக்குக் கிடைத்த தண்டனையை நோக்க வேண்டும். கண்ணன் அவனைக் கொல்லச் சொல்லவில்லை. இரத்தமும் சீழும் நாற, எல்லா நோய்களும் பற்ற, துணையாக ஒருவரும் இன்றி 3000 ஆண்டுகள் அலைந்து திரிவாய் என்பது சாபம். அதாவது நோய் உண்டு; அருகில் நிற்பவர் இல்லை. பிறருடைய நான்காவது கூறை அழித்தவனுக்கு அதுவே இல்லாமற்போயிற்று. தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதி அவன் செயலை நியாயமாக்கும் என்று வியாசர் எங்கும் எழுதவில்லை. பாண்டவர் செய்த பொய்யையும் அவர் மறைக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே கணக்கில் வைக்கிறார்.

இன்றைய நிகழ்ச்சிகளையும் அவ்வாறே கணக்கில் வைக்க வேண்டும். 2015 அக்டோபர் 3-இல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தனர். 2022 மார்ச் 9-இல் உக்ரைனின் மரியுபோல் மகப்பேறு மருத்துவமனை ரஷ்யத் தாக்குதலில் தகர்ந்தது. 2025 ஜனவரியில் சூடானின் எல் ஃபாஷர் நகர மருத்துவமனையில் ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஜூன் 19-இல் ஈரானின் ஏவுகணை இஸ்ரேலின் பீர்ஷெபா நகரச் சொரோகா மருத்துவமனையைச் சிதைத்தது. ஆகஸ்ட் 25-இல் இஸ்ரேலின் தாக்குதலில் காஸாவின் நாசர் மருத்துவமனையில் குறைந்தது 20 பேர் இறந்தனர். இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் கண்ணீர் விட்டு மற்றொன்றுக்கு வாய்மூடி இருப்பவரின் கண்ணீரைத் தர்மத்தின் கண்ணீர் என்று சொல்வதற்கில்லை.

அரசியலாரிடம் கேட்க வேண்டியது

ஆன்மிக நாட்டம் உடையோர் அரசியலைப் பேசலாமா என்று சிலர் தயங்குவர். கட்சி அரசியலில் ஈடுபடாதிருப்பது வேறு. ஆள்வோருக்கு அறத்தை நினைவூட்டாதிருப்பது வேறு. விதுரர் திருதராட்டிரனின் அவையில் எந்த அணியையும் திரட்டவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாமல் இருந்ததும் இல்லை. 1897 ஜனவரியில் இராமேசுவரம் கோயிலில் பேசிய சுவாமி விவேகானந்தர், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று விளக்கினார். சிவன் படுத்திருக்கும் கட்டிலின்மீது குண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு பூஜையைத் தொடர முடியுமா?

கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. இந்தியா 1949-இன் உடன்படிக்கைகளை ஏற்று, 1960-இல் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தை இயற்றியது. கொடிய மீறல்களைத் தண்டிக்க அதில் வழி உண்டு. ஆனால் அரசு முறையிட்டால் அன்றி நீதிமன்றம் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள இயலாது என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்தச் சட்டம் உயிர்பெறுவதும் உறங்குவதும் அரசியல் மனத்துணிவைப் பொறுத்தது. 1977-இன் கூடுதல் நெறிமுறைகளில் இந்தியா இன்னும் சேரவில்லை. அதற்கான காரணங்கள் என்னவாயினும் நாடாளுமன்றத்தில் அவை வெளிப்படையாக விவாதிக்கப்படலாம். 2016 மே 3-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2286-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி, மருத்துவப் பணியாளர்மீதான தாக்குதல்களைக் கண்டித்தது. வாக்களித்த நாடுகளும் அவற்றின் நட்பு நாடுகளும் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று கேட்கும் குரல் பாரதத்தினுடையதாக இருக்கலாம்.

அவ்வாறு கேட்கும் தகுதி பாரதத்துக்கு உண்டு. 2008 நவம்பர் 26-இல் மும்பையின் காமா மருத்துவமனைக்குள் பயங்கரவாதிகள் நுழைந்தபோது, இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர் 20 கர்ப்பிணிப் பெண்களை ஓர் அறைக்குள் சேர்த்து, விளக்கணைத்துக் காத்தார். 2022 டிசம்பரில் இந்தியா பாதுகாப்புச் சபைக்குத் தலைமை வகித்தபோது அவரே காணொலி வழியாக அச்சபையில் பேசினார். உலக வல்லரசுகளின் தூதர்கள் மும்பைச் செவிலியர் ஒருவரின் பேச்சைக் கேட்டு அமர்ந்திருந்தனர்.

இன்னொரு குறையும் உண்டு. உடன்படிக்கையின் சிறப்புப் பாதுகாப்பு மருத்துவமனைக்கும் அங்கே நிலையாகப் பணிபுரிவோருக்குமே உரியது. தனி வீட்டில் ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்து நடத்துபவர் சட்டத்தின் பார்வையில் பொதுக்குடிமக்களில் ஒருவர் மட்டுமே. வள்ளுவரும் சரகரும் கண்ட நான்காவது கூறு சட்டத்தின் கண்ணில் இன்னும் விழவில்லை. 2015 முதல் சில நாடுகளுக்குச் செல்லும் செவிலியர் அரசு முகமைகள் வழியாகவே செல்ல வேண்டும் என்று நடுவண் அரசு விதித்தது. நல்ல விதிதான். வீட்டுப் பராமரிப்பாளராகச் செல்லும் பெண்களுக்கு அபாய எச்சரிக்கை, காப்பிடம், காப்பீடு ஆகியவற்றை வேலை ஒப்பந்தத்திலேயே சேர்க்குமாறு அந்நாடுகளைக் கேட்பதில் என்ன தடை?

பாலக்காடு, இடுக்கி, கோவை, பொள்ளாச்சி, தேனி ஆகிய தொகுதிகளில் வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலை, பட்டா, யானைத் தொல்லை, முல்லைப் பெரியாறு என்று மக்கள் கேட்பவை பல. அவை கேட்கப்பட வேண்டியவையே. அதே திண்ணையில், வெளிநாட்டில் மகள் பணிபுரியும் ஒரு தாய், "அவள் இருக்கும் ஊரில் குண்டு விழுந்தால் நீங்கள் அவையில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டால் வேட்பாளர் விடை சொல்லியாக வேண்டும். இவ்வாண்டும் அந்த மலைகளிலிருந்து பெண்கள் புறப்படத்தான் போகிறார்கள். வாளையாரிலும் குமுளியிலும் தடுப்புக் கட்டைகள் ஆம்புலன்சுக்காக உயர்ந்துகொண்டுதான் இருக்கும்.  ஓர் அஞ்சலட்டையில் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.